தட்டிக்கு அந்தப் பக்கம்

அவளுடைய குடையைப் பார்த்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. நல்ல கறுப்புக் குடை, மூங்கில் கைப்பிடி. என் குடையில் இரண்டு கம்பி வளைந்திருந்தது. வாலாஜாபாத்தில் காலை பஸ் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "நீங்கதான அக்கா அஞ்சாங்கிளாஸ் இங்கிலீஷ் டீச்சர்? நானும் அதே ஸ்கூல்லதான் சேர வந்துகினு இருக்கேன்" என்றாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, அவளுக்கு இருபத்துநான்கு. எட்டு வயது மூத்தவளை அக்கா என்று சொல்லாமல் வேறு எப்படிக் கூப்பிடுவாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்த ஒரு சொல்லே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பள்ளிக்கூடம் ஒரகடத்துக்குப் போகிற வழியில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஓடு போட்ட ஒரு கட்டடம், பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்கும். அந்த ஐந்தாம் வகுப்பு முழுக்க எட்டு வருஷமாக என்னுடையது. மதிய உணவு போட ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். ஒரே அறையில் அடைக்க முடியவில்லை என்று ஹெட்மாஸ்டர் வகுப்பை இரண்டாக்கி, அவளுக்கு 'அ' பிரிவையும் எனக்கு 'ஆ' பிரிவையும் கொடுத்தார். வந்தவளுக்கு அ, இருந்தவளுக்கு ஆ. இதற்கெல்லாம் யாராவது வருத்தப்படுவார்களா என்று கேட்டால், நான் பட்டேன்.

இரண்டு வகுப்பும் கொட்டகையில்தான். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. மூங்கிலைப் பிளந்த பிளாச்சுகளை முடைந்து கட்டிய சாதாரணத் தட்டி. இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் ஆள் தெரியாது, ஆனால் மூச்சு விட்டால் கேட்கும்.

என் பாடம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் ஒரு வரி வாசிப்பேன். தமிழில் பொருள் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் ஒப்பிக்க வேண்டும், ஒப்பிக்காவிட்டால் பிரம்பு. கேள்வி கேட்பதென்றால் முதலில் பெயரைச் சொல்லி எழுப்பிவிட்டு அப்புறம் கேள்வியைக் கேட்பேன். அதுவும் முன் வரிசையில் இருக்கும் ஐந்தாறு பேரைத்தான் கேட்பேன், அவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் இருப்பவர்களும் ஓரத்தில் இருப்பவர்களும் தங்கள் பாட்டுக்கு இருப்பார்கள். ஒருத்தி சேர்ந்த நாளிலிருந்து வாயே திறந்ததில்லை. "இது பேசாது டீச்சர், சும்மா ஒக்காந்துகினு இருக்கட்டும்" என்று அவள் அம்மாவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலக்கணத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் கூறு போட்டு வைத்துவிடுவேன். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் ஒரு மனிதரோடும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியதில்லை. ஒருமுறை பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் என்னைப் பார்த்து குட் மார்னிங் என்றார். நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

அவள் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் உப்பு வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் உப்பு வருமாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

முதல் நாளே தெரிந்துவிட்டது, அவள் என்னைப் போல நடத்துகிறவள் இல்லை என்று. புத்தகத்தைத் திறக்கும் சத்தமே கேட்கவில்லை. ஒரு துணிப்பை கொண்டுவருவாள். அதில் எலுமிச்சம்பழம், பூட்டு, தறியில் ஓடும் நாடா, சீப்பு, அரிசி அளக்கும் ஆழாக்கு. ஒன்றை எடுத்துக் காட்டி ஆங்கிலத்தில் மூன்று தடவை சொல்வாள். பிள்ளைகள் அப்போது வாயைத் திறக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். அப்புறம் வரிசை வரிசையாக. கடைசியில்தான் தனித்தனியாக. கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, பிறகுதான் பெயரைச் சொல்வாள். யார் பெயர் வரும் என்று தெரியாததால் வகுப்பு முழுக்கப் பதிலைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும். இதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தே நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் கோபம் வந்தது. இவ்வளவு சின்ன விஷயம் எட்டு வருஷமாக எனக்குத் தோன்றவில்லையே என்கிற கோபம். அதை அவள் மேல் திருப்பிக்கொண்டேன், அது சுலபமாக இருந்தது.

ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டாள் வகுப்பில். நடப்பாள், உட்காருவாள், கதவைத் திறப்பாள், ஒவ்வொன்றையும் செய்துகொண்டே சொல்வாள். "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்று அவள் குரல் நகரும்போது என் பிள்ளைகளின் கண்களும் தட்டியோடு சேர்ந்து நகரும். நான் இங்கே பொருள் எழுதிப் போட்டுக்கொண்டிருப்பேன்.

அவளுடைய பெரிய வித்தை அந்தப் பைதான். எதையோ உள்ளே போட்டு மூடிவிட்டு, "வாட் ஈஸ் இன் மை பேக்?" என்பாள். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். "ஈஸ் இட் எ லெமன்?" "நோ, இட் இஸன்ட்." "ஈஸ் இட் எ கோம்?" "நோ, இட் இஸன்ட்." உண்மையாகவே தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு பிள்ளை கேட்கிறது. ஒப்பிப்பதில்லை, கேட்கிறது. ஆசை இருக்கிற இடத்தில் வாக்கியம் தானாக வந்துவிடுகிறது. இதை நான் பிற்பாடு பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி.

ஒரு நாள் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று என் முதுகுக்குப் பின்னால், என் வகுப்பிலிருந்து, கீச்சென்று ஒரு குரல்: "ஈஸ் இட் எ மேங்கோ?"

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல், தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில், "நோ, இட் இஸன்ட்" என்றது.

என் வகுப்பு சிரித்தது. நான் திரும்பினேன். எல்லா வாயும் மூடியிருந்தது.

"யாரு பேசனது?"

பிரம்பை எடுத்தேன்.

"யாருன்னு கேட்டேன்."

"நான் இல்ல டீச்சர்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். சந்தேகத்தின் பேரில் இரண்டு பையன்களைக் கை நீட்டச் சொல்லி அடித்தேன். அவர்களுடைய குரல் இரண்டும் கட்டைக் குரல் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதோடு நிற்கவில்லை. அதன் பிறகு தினமும் நடந்தது. அவள் பிள்ளைகளுக்குப் பையாவது கண்ணில் பட்டது, புடைப்பைப் பார்த்து ஊகிக்கலாம். என் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் விளையாட்டு அவர்களுக்குத்தான் இன்னும் ருசியாக இருந்தது. நான் திரும்பிய நேரம் பார்த்து ஒரு கேள்வி தட்டியைத் தாண்டிப் போகும். ஒரு பதில் தாண்டி வரும். என் வகுப்பில் நான் இருக்கும்போதே அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன அவமானம் வேண்டும்?

ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் அந்த ஊர்க்காரர், காலையில் வயலைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவார்.

"அந்த டீச்சர் கிளாஸ் கூச்சல் தாங்கல சார். என்னால பாடம் எடுக்க முடியல."

"கூச்சலா? பசங்க இங்கிலீஷ் பேசுதுங்கன்னு இல்ல நான் நெனச்சிகினு இருந்தேன்."

"தட்டிய அடச்சிக் குடுங்க சார்."

"இன்னாத்துக்கு டீச்சர்? சரி, நீங்க சொன்னா அடச்சிடலாம்."

தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக வைத்துக் கட்டினார்கள். கட்டி முடியும்வரை பக்கத்தில் நின்று, இடுக்கு இருந்த இடத்தையெல்லாம் காட்டிக் கொடுத்தேன். அன்று மாலை பஸ்ஸில் அவள், "சத்தம் எடஞ்சலா இருந்திச்சா அக்கா? எங்கிட்டயே சொல்லிருக்கலாமே" என்றாள். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

அதன் பிறகு என் வகுப்பு அமைதியாயிற்று. நான் கேட்டது அதுதானே. பிள்ளைகள் பொருள் எழுதினார்கள், ஒப்பித்தார்கள், கொட்டாவி விட்டார்கள். தட்டி ஓரத்தில் இருந்தவர்கள் கீற்றில் காதை வைத்துச் சாய்ந்துகொள்வார்கள். நேராக உட்காரச் சொல்லி அதட்டுவேன்.

அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் புது முறையில் பயிற்சி கொடுக்க, எங்கள் சரகத்திலிருந்து ஒரு ஆசிரியரை நான்கு மாதம் சென்னைக்கு அனுப்பப் போகிறார்கள். திரும்பி வந்ததும் அந்த ஆசிரியர் மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருவார், எங்கள் பள்ளியில் இரண்டு பேர் பாடத்தையும் பார்ப்பார்.

எனக்கு அது வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக நான் எதையும் ஆசைப்பட்டதில்லை. படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும் எட்டாவதோடு நிறுத்தி ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம், இரண்டு குழந்தைகள், இந்த பஸ், இந்தக் கொட்டகை. சென்னையில் நான்கு மாதம் மாணவியாக பெஞ்சில் உட்கார வேண்டும். திரும்பி வந்து ஸ்ரீபெரும்புதூரிலும் மணிமங்கலத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து என்னைக் கேட்க வேண்டும். ஆனால் புது முறை என்று அறிக்கையில் எழுதியிருந்ததைப் படித்ததும் அதை மடித்து வைத்துவிட்டேன். தமிழ் பேசக் கூடாது, பொருளைக் காட்ட வேண்டும், பிள்ளைகள் பேச வேண்டும். எல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கம் நடப்பது.

அவளுக்கும் அது வேண்டும் என்று சொன்னாள். "கெடச்சா நல்லா இருக்கும்க்கா. இன்னும் நெறைய கத்துக்கணும்" என்றாள் பஸ்ஸில். உனக்கு எதற்கடி இன்னும் என்று மனத்துக்குள் கேட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் தட்டியில் கட்டியிருந்த கீற்றில் இரண்டை உருவி, சமையல் செய்யும் அம்மாவிடம் அடுப்பெரிக்கக் கொடுத்தேன். அடுத்த நாள் இன்னும் இரண்டு. ஒரு வாரத்தில் தட்டி பழையபடி ஆகிவிட்டது. ஹெட்மாஸ்டர் கண்ணில் பட்டது.

"கட்டன கீத்து எங்க டீச்சர்?"

"ஆடு துன்னுடுச்சி சார்."

"காஞ்ச கீத்த ஆடு துன்னுமா?"

"துன்னுது சார்."

விவசாயி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் ஒரு நோட்டோடு தட்டிப் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அவள் சொல்வதையெல்லாம் எழுதினேன். எதை முதலில் கேட்கிறாள், எங்கே நிறுத்துகிறாள், தப்பாகச் சொன்ன பிள்ளையை எப்படித் திருத்துகிறாள் என்று எல்லாம். தப்பு என்று சொல்லவே மாட்டாள். சரியானதை அவளே ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய், திரும்பி இவனிடம் வருவாள். அதற்குள் அவன் சரியாக வைத்திருப்பான். ஒன்றைக் கவனித்தேன். கீற்றை எடுத்த பிறகு அவள் குரல் முன்னைவிடத் தட்டிக்குப் பக்கத்தில் கேட்டது. முன்னைவிட நிதானமாக, கொஞ்சம் உரக்க. என் காதில் விழட்டும் என்று பீற்றிக்கொள்கிறாள் என நினைத்தேன். நன்றாகப் பீற்றிக்கொள் என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

நானும் ஒரு பை வாங்கினேன். அவள் கேள்வி கேட்கிற அதே சமயத்தில் இந்தப் பக்கம் நான் பையைத் தூக்கிக் காட்டுவேன். பிள்ளைகள் பதில் சொல்வார்கள். தடுக்காமல் விட்டதால் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள், அந்தக் கீச்சுக் குரலும் அதில் இருந்தது. வகுப்பு களைகட்டிவிட்டது. பதில் எனக்கா அவளுக்கா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் காலையில் என் பாடம் முதலில் என்றார்கள். மணி அடித்ததும் பையோடு நின்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. என்ன என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் தன் வகுப்பை வரிசையாக நிறுத்தி ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, "எங்க சத்தம் உங்களுக்கு எடஞ்சலா இருக்கும்னுதான்க்கா. நாங்க கரைல ஒக்காந்துக்கறோம். நீங்க நல்லா பண்ணுங்க" என்றாள். சத்தம் தாங்கவில்லை என்று ஹெட்மாஸ்டரிடம் போனவள் நான்தானே. என்னால் என்ன சொல்ல முடியும்?

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். நான் பையைத் தூக்கினேன்.

"வாட் ஈஸ் இன் மை பேக்?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு நாளும் அவள் குரலுக்குள் ஒளிந்துகொண்டு வாயசைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. முன் வரிசை, பின் வரிசை எல்லாம் தலையைத் திருப்பித் தட்டியைப் பார்த்தார்கள். அங்கிருந்து கேள்வி வரும் என்று காத்திருந்தார்கள். மறுபடி கேட்டேன். மறுபடியும் தட்டியைத்தான் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் தட்டியைப் பார்த்தார், அதில் என்ன இருக்கிறது என்று.

பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏதோ யோசனையோடு வந்தேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். பொய். அழுகை வந்தது, அதை அவர் பார்க்கக் கூடாது என்று வந்தேன். கால் போன இடம் அவளுடைய காலி வகுப்பு. மேஜை மேல் அவள் துணிப்பை இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அங்கே என்னைப் பார்க்க யாரும் இல்லை. அவள் நிற்கிற இடத்தில் போய், அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, தட்டியைப் பார்த்து நின்றேன்.

"வாட் ஈஸ் இன் மை பேக்?"

கொட்டகை அதிர்ந்தது. "ஈஸ் இட் எ லெமன்?" "ஈஸ் இட் எ பால்?" "ஈஸ் இட் எ கோம்?" வரிசையாக வந்து விழுந்தன. "நோ, இட் இஸன்ட்" என்றேன். குரல் நடுங்கவில்லை. "ட்ரை அகெய்ன்" என்றேன். அது என் நோட்டில் இல்லாத வாக்கியம், நானே சொன்னது. முகம் தெரியாத இடத்தில் எனக்கும் ஆங்கிலம் வந்தது.

உள்ளே எதை வைத்து விளையாடுகிறேன் என்று எனக்கே தெரியாததால் பைக்குள் கைவிட்டேன். பூட்டு ஒன்று அகப்பட்டது. அதன் மேல் ஒரு சின்ன நோட்டு. பதில் சொல்லிக்கொண்டே அதைப் பிரித்தேன். இடது பக்கத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், யார் எந்த வாக்கியத்தைச் சரியாகச் சொன்னார்கள் என்ற குறிகளோடு. வலது பக்கத்தில் 'தட்டிக்கு அந்தப் பக்கம்' என்று தலைப்பு. அதில் பெயர் ஒன்றுகூட இல்லை. 'கீச்சுக் குரல், தட்டி ஓரம். கேள்வி நன்றாக வருகிறது. இன்று மூன்று முறை.' 'இருமல் உள்ள பையன். தெரிகிறது, பயப்படுகிறான்.' 'இரண்டு பேர் சேர்ந்தே சொல்பவர்கள், பிரித்துக் கேட்க வேண்டும்.' ஒரு பக்கத்தில், 'கீற்று கட்டிவிட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை.' சில பக்கங்கள் தள்ளி, 'கீற்று எடுத்தாயிற்று. தட்டி அருகில் நின்று மெதுவாகச் சொல்ல வேண்டும்.'

நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் பிள்ளைகளுக்கு இவள் யார் வருகைப் பதிவு எடுக்க என்றுதான் முதலில் வந்தது. அதே நேரத்தில் தட்டியில் அந்தக் கீச்சுக் குரல், "ஈஸ் இட் எ லாக்?" என்றது. "யெஸ், இட் இஸ்" என்றேன். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. இன்ஸ்பெக்டரும் தட்டியிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றார். ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மறைந்து நின்று பேசக் கற்றுக்கொடுப்பது நல்ல உத்தி என்றும், இதுவரை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அதையே எழுதவும் செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

பிற்பகலில் அவள் பாடம். நானும் ஹெட்மாஸ்டரும் பின்னால் நின்றோம். அவ்வளவு அழகான ஒரு பாடத்தை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை. பை வந்தது, கேள்வி வந்தது, பிள்ளைகள் பேசினார்கள். முடிந்ததும் இன்ஸ்பெக்டர் சிரித்தபடி, "நல்லா இருந்ததும்மா. பக்கத்து டீச்சரப் பாத்து நல்லாவே கத்துக்கிட்டிருக்கீங்க. காப்பி அடிக்கிறதும் ஒரு தெறமதான்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டரும் என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும், தமிழிலேயே சொல்லியிருக்கலாம். நான் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றேன். "ஆமா சார்" என்றாள் அவள்.

சில வாரங்களில் என் பெயருக்கு உத்தரவு வந்தது. நான் இல்லாத நான்கு மாதமும் இரண்டு பிரிவையும் அவளே பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. நான் விடைபெற்ற நாள் மாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள். இன்ஸ்பெக்டர் விஷயம்தான் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. கீச்சுனு கொரல். எல்லாத்துக்கும் முன்னால அதான் கேக்கும். நான் மூஞ்சியே பாத்ததில்ல. அது எது அக்கா?"

எனக்குத் தெரியவில்லை. என் வகுப்பில், என் கண்ணெதிரே இருந்த பெண் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இதை அவளிடம் ஒப்புக்கொள்வதைவிடச் சென்னைக்குப் போகாமலே இருந்துவிடுவேன். முன் வரிசையில் இருந்த என் கெட்டிக்காரப் பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

"அதுவா" என்றாள் சந்தோஷமாக. "நாளைக்கே பாக்கறேன்."

சென்னையில் நான்கு மாதம். அங்கே சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் எங்கேயோ கேட்டிருந்தேன், மூங்கில் பிளாச்சின் இடுக்கு வழியாக. மற்றவர்களுக்கு முன்னால் தட்டிப் பாடத்தை நடத்திக்காட்டச் சொன்னார்கள். படுக்கை விரிப்பை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நான் அதற்குப் பின்னால் நின்று நடத்தினேன். பிற்காலத்தில் தண்டலத்திலிருந்து மணிமங்கலம்வரை எத்தனையோ பள்ளிகளில் அதையே செய்தேன். திரைக்கார டீச்சர் என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. இது யாருடையது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

பயிற்சி முடிந்து வந்த அன்று கையில் சான்றிதழோடு நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவள் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. எளச்சிப் போயிட்டீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது அவ இல்லக்கா" என்றாள்.

"எது?"

"அந்தக் கீச்சுக் கொரல். நீங்க சொன்ன பொண்ணு இல்ல அது." தட்டி ஓரமாகக் கையைக் காட்டினாள். அங்கே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பேசாது, சும்மா உட்கார்ந்திருக்கட்டும் என்று அம்மா விட்டுப்போனவள். "கண்டுபுடிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சி. மூஞ்சப் பாத்து இன்னும் எங்கிட்டயும் பேசாது. தட்டிக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. பேசும்."

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சான்றிதழோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இரண்டு பிரிவையும் அவள் ஒன்றாக உட்காரவைத்திருந்ததால் அது காலியாக இருந்தது. பையில் எதுவும் போடவில்லை, கையில் பையே இல்லை.

"வாட் ஈஸ் இன் மை பேக்?" என்றேன்.

உடனே வந்தது. தட்டியை ஒட்டி, என் இடுப்பு உயரத்திலிருந்து. "ஈஸ் இட் எ மேங்கோ?"

முதல் நாள் கேட்ட அதே கேள்வி. இல்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் அடுத்தது வரும். எனக்குச் சொல்ல வரவில்லை. அத்தனை மாதம் என் வகுப்பில் இருந்த பிள்ளை அது. அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். நான் அந்தக் குரலை ஒரு தடவை கேட்டு இப்படி நின்றுவிட்டேன். அவள் இந்த இடத்தில் நின்று இதைத் தினமும் கேட்டிருக்கிறாள்.